ஹாரியா பள்ளத்தில் மஞ்சள் விளக்கு

நவம்பர் 13

மைனஸ் முப்பத்தெட்டு. காற்றில்லை. நல்ல நாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் பாட்டுச் சொல்லித்தரப் போகிற தோலோன் பள்ளிக்கூடத்துப் பியானோவில் நடுக்கட்டை ஒன்று மறுபடி ஒட்டிக்கொண்டது. ஐந்தாம் வகுப்பு அந்தச் சுரம் வரும் இடத்திலெல்லாம் இருமிவிட்டுப் பாடியது. வசந்தத்தில் சரிசெய்யலாம் என்கிறார் தலைமையாசிரியை. எங்கள் பக்கத்தில் எல்லாக் காரியமும் வசந்தத்துக்குத்தான் ஒத்திவைக்கப்படும். செத்தவர்களைக் கண்டுபிடிப்பதுகூட.

திரும்பும் வழியில், ஹாரியா பள்ளத்தில் இறங்கி இந்தப் பக்கத்து ஏற்றத்தைத் தொடங்கும்போது, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சின் படம் போட்ட விளக்காம். எனக்கு அது மூக்கு வைத்த தேநீர்க் கெண்டியாகத்தான் தெரிகிறது. வீடு வரை எரிந்தது.

மெக்கானிக் கவ்ரிலிடம் காட்ட வேண்டும்.

நவம்பர் 15

தூக்கம் வரவில்லை. எழுதிவிட்டால் வருமோ என்னவோ.

கார் கெஸ்கிலுடையது. என் தம்பி. போன ஜனவரியில் இதே காரை இதே பள்ளத்தில்தான் கண்டுபிடித்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஹீட்டர் கொதித்துக்கொண்டிருந்தது. கதவு ஒழுங்காகச் சாத்தியிருந்தது. அவன் இல்லை. மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்ததாகப் போலீஸ்காரர் சொன்னார். அப்போது அது யார் காதிலும் ஏறவில்லை, ஏனென்றால் அவர் அடுத்துச் சொன்னது வேறு: இரண்டு சீட்டுக்கும் நடுவில் இரண்டு டம்ளர் டீ இருந்தது.

எல்லார் காரிலும் இரண்டு டம்ளர் இருக்கும், ஒரு உபரி ஆட்டுத்தோல் கோட்டும் இருக்கும். குளிர்காலத்தில் வழியில் நிற்கிற ஆளைத் தாண்டிப் போகக் கூடாது. அதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை, மூச்சுவிடச் சொல்லித் தருவதில்லை என்பது மாதிரி. ஆனால் இரண்டு டம்ளரிலும் டீ ஊற்றியிருந்தது என்றால் யாரோ ஏறியிருக்க வேண்டும். யார்?

மே மாதம் வாத்து வேட்டைக்குப் போனவர்கள் அவனைக் கண்டார்கள். சாலையிலிருந்து ரொம்பத் தூரமில்லை. உபரிக் கோட்டு அவன்மேல் இல்லை. பக்கத்தில் ஒரு மொட்டை லார்ச் மரக்கட்டைக்கு அதைப் போர்த்தி, பொத்தான் எல்லாம் மேலிருந்து கீழ்வரை மாட்டியிருந்தது.

ஊரில் யூர் கூப்பிட்டது என்றார்கள். காலம் வருமுன் செத்தவர்கள் யூராகி வழியில் நிற்பார்களாம், தெரிந்த முகத்தோடு. சாஸ்கிலானா, அவன் மனைவி, அதையெல்லாம் நம்பவில்லை. அவளிடம் வேறு கதை இருக்கிறது, அது இன்னும் மோசம்: அவன் ஒருத்தியை ஏற்றிக்கொண்டான், குடித்தார்கள், அவள் எப்படியோ தப்பிப் போய்விட்டாள். காரைத் தன் முற்றத்தில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் கோடையிலிருந்து என்னிடம் இருக்கிறது.

நான் எதை நம்புகிறேன்? ஓடுகிற காரை விட்டு மைனஸ் ஐம்பதில் இறங்கி நடக்க எங்கள் ஆட்களில் ஒருவனுக்கும் கால் வராது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஏன் இறங்கினான் என்று தெரியாமல் நான் சாகக் கூடாது.

நவம்பர் 19

விளக்கு தானாக அணைந்துவிட்டது. சுத்தமாக. வெட்கமே இல்லாமல்.

நவம்பர் 27

மைனஸ் நாற்பத்தாறு. பள்ளத்தில் அதைவிடப் பத்து குறைவாக இருக்கும். குளிர் தண்ணீரைப் போல அங்கே போய்த் தேங்குகிறது.

மறுபடி எரிந்தது. அதே இடம். ஏற்றம் தொடங்கும் வளைவு.

இன்னொன்றும் இருந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தபோது எங்கிருந்தோ ஒரு சத்தம். டிக் டிக் டிக். மெட்ரோனோம் மாதிரி. மிதிக்க மிதிக்க வேகம் கூடியது. மேட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிட்டது. இருபத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குத் தாளம் சொல்லிக்கொடுத்த காது, பொய் சொல்லாது.

தலைவலி. அந்த ஐந்தாம் வகுப்பு.

டிசம்பர் 3

கவ்ரில் கேரேஜ். அவனும் கெஸ்கிலும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே அடி. ஒரு கருவியைக் காரில் சொருகிப் பார்த்தான். புகைக்குழாயில் மோப்பம் பிடிக்கிற சென்சார் ஒன்று உண்டாம், அது "காற்று அதிகம்" என்று புகார் எழுதியிருக்கிறதாம். சென்சாரை மாற்றினான். டிக் டிக் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். எஞ்சினை முறுக்கிக் காட்டினான். பூனை மாதிரி உறுமியது, ஒரு டிக் இல்லை.

"எங்கிட்ட வந்தா நல்ல பிள்ளையா இருக்கு அக்கா. டீச்சரைக் கண்டாத்தான் வால் ஆட்டுது."

அவன் கேரேஜில் சட்டையோடு நிற்கலாம், அவ்வளவு சூடு. பானெட்டுக்கு அடியில் விரித்திருக்கும் தடித்த கம்பளிப் பாயைத் தடவிப் பார்த்து, இது தானும் கெஸ்கிலும் சேர்ந்து தைத்தது என்றான். விளிம்பெல்லாம் இரட்டைத் தையல். ஒரு ஊசிமுனைக் குளிர்கூட எஞ்சினுக்குள் போகாது. ஜன்னல்களுக்கு இரண்டாவது கண்ணாடி ஒட்டியதும் அவர்கள்தான். கதவு இடுக்கெல்லாம் அடைத்ததும் அவர்கள்தான். அதைச் சொல்லும்போது கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 6

வளைவில் யாரோ நின்றார்கள்.

டிசம்பர் 7

நேற்று ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. தலை வெடித்தது. இன்று நிதானமாக எழுதுகிறேன்.

உறைபனி மூட்டம், ஹெட்லைட் போட்டிருந்தேன். ஏற்றத்தைத் தொடங்கினேன். புதுச் சென்சார், இருந்தும் மஞ்சள் விளக்கு எரிந்தது. டிக் டிக். வலப்பக்கம் ஓர் ஆள். கையைத் தூக்கவில்லை, தலையைச் சாய்த்து நின்றான், பொறுமையாக. பிரேக் போட்டேன். பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தால் வெறும் வெள்ளை.

அது அந்த மொட்டை மரக்கட்டைதான், வர்வாரா, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்குத் தெரியும் அது அங்கே இருக்கிறதென்று.

கட்டைக்குத் தலை எப்படிச் சாயும்?

டிசம்பர் 9

பள்ளத்துக்கு முன்னால், மேட்டில் துணி கட்டுகிற மரம் இருக்கிறதே, எல்லா டிரைவரும் வழித்துணைக்குக் காணிக்கையாக ஏதாவது கொடுப்பார்களே, நான் ஒருநாளும் நிறுத்தியதில்லை. இன்று நிறுத்தினேன். ஒரு அலாஜி ரொட்டியை வைத்தேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்தால்தான் என்ன.

டிசம்பர் 13

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தோலோனில் கிளம்பினேன். பள்ளத்தில் இறங்கினேன். விளக்கு எரிந்தது. பிறகு — பிறகு நடந்தது துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. ஹீட்டர் முகத்தில் அடிக்கிறது. உடம்பு இதமாக இருக்கிறது. யாருக்கோ ஏதோ சொல்லிக்கொண்டே வருகிறேன், அந்தப் பியானோ கட்டையைப் பற்றி. பக்கத்தில் யாரோ கேட்டுக்கொண்டு வருகிறார்கள், அதில் எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. பிறகு வீடு.

என் சின்ன கேரேஜில் நிறுத்தி இறங்கும்போது பார்த்தேன். நோட்டுப் பை பின் சீட்டில் கிடந்தது. நான் எப்போதும் பக்கத்துச் சீட்டில்தான் வைப்பேன். இரண்டு சீட்டுக்கும் நடுவில் இரண்டு டம்ளர். ஒன்று பாதி குடித்தது. இன்னொன்று நிறைய.

நான் ஊத்தல. நான் ஊத்தவே இல்ல. ஐயோ, எப்போ நிறுத்தினேன், எப்போ ஃப்ளாஸ்கைத் திறந்தேன்?

கெஸ்கில், நீயாடா?

டிசம்பர் 14

இரண்டு டம்ளரையும் கழுவிவிட்டேன். முதலில் ஒன்றைக் கழுவினேன். இரண்டாவதைக் கழுவ ரொம்ப நேரமானது.

டிசம்பர் 20

சாஸ்கிலானா வீட்டுக்குப் போனேன். மீன் சீவி வைத்தாள், உறைந்த மீன் தட்டில் சுருள் சுருளாக. இரண்டு பேரும் சாப்பிடவில்லை. டம்ளர் விஷயத்தை அவளிடம் சொல்லத்தான் போனேன். சொல்ல வாய் வரவில்லை. மூத்த நாத்தனாருக்கும் மூளை கலங்கிவிட்டது என்பாள்.

அவளே ஆரம்பித்தாள். அந்த இரண்டாவது டம்ளரைப் போலீசிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறாள். அலமாரியில், துணியில் சுற்றி. எனக்கு எடுத்துக் காட்டினாள்.

"உதட்டுச்சாயம் இருக்கான்னு எத்தனை தடவை வெளிச்சத்துல தூக்கிப் பாத்திருப்பேன் தெரியுமா அண்ணி. ஒண்ணும் இல்ல. நிறைய இருந்துச்சாம் டீ. வந்தவ ஒரு வாய் குடிக்கக்கூட இல்ல, அதுக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டா."

அன்று காலை அவர்களுக்குள் சண்டை. என்ன சண்டை என்று இதுவரை சொன்னதில்லை. இன்று சொன்னாள். பெரிய விஷயமே இல்லை, விறகு. ஆனால் அவன் கிளம்பும்போது வாசலில் நின்று, போ, திரும்பி வராதே என்று சொல்லியிருக்கிறாள்.

அதைச் சொல்லிவிட்டு மீன் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. நான் அந்த டம்ளரைத் துணியில் சுற்றி மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 24

கவ்ரில் ஒரு ரப்பர் குழாயை மாற்றினான். அங்கே எல்லாம் சரியாக இருக்கிறதாம். எனக்கும் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, அவன் கேரேஜில் நிற்கும்வரை.

ஜனவரி 10

விடுமுறை முடிந்து முதல் நாள். மைனஸ் ஐம்பத்திரண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு லீவு விட்டுவிட்டார்கள், பெரியவர்களோடு மட்டும் பாட்டு.

இதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதே தற்செயல்.

கெஸ்கில் நின்றான். முதுகைக் காட்டி நின்றான், கோட்டு இல்லாமல். அது அவன்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பயமும் வரவில்லை. வந்தது கோபம். இந்தக் குளிரில் கோட்டு இல்லாமல் நிற்கிறானே, சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்று கோபம். டீ ஊற்றினேன், இந்தத் தடவை நினைவிருக்கிறது, இரண்டு டம்ளர், அவன் ஏறியதும் சூடாகக் குடிக்கட்டுமென்று. பின் சீட்டிலிருந்து உபரிக் கோட்டை எடுத்தேன். கையுறையை மாட்டிக்கொள்ளத் தோன்றவில்லை. கதவைச் சாத்தினேன், உள்ளே சூடு போய்விடக் கூடாதே. பனியில் நடந்தேன். முழங்கால் வரை இறங்கியது. கிட்டப் போகப் போக அவன் கொஞ்சம் தள்ளியே நின்றான். "நில்லுடா" என்றேன். பொத்தான் போடக்கூட விரல் மடங்கவில்லை —

யாரோ பின்னாலிருந்து என் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார்கள்.

லாரிக்காரர், ஸ்தெபான் என்று பெயர், நிலக்கரி ஏற்றிக்கொண்டு போகிறவர். காலியாக நிற்கிற காரைத் தாண்டிப் போக முடியாதே, அதனால் நிறுத்தியிருக்கிறார். என்னை லாரியில் ஏற்றி, கையைத் தன் சட்டைக்குள், வயிற்றில் வைத்துத் தேய்த்தார். நான் அவர் லாரியிலேயே வாந்தி எடுத்தேன். அவர் திட்டவில்லை. என் காரை ஓரமாக நிறுத்தப் போனவர் உடனே இறங்கி, கதவையெல்லாம் விரியத் திறந்துவிட்டு வந்தார்.

"உள்ள மூச்சு முட்டுது தங்கச்சி. உனக்கு ஒண்ணும் தெரியலையா?"

எனக்கு என்ன தெரியும்? குளிர்காலம் முழுக்க ஊரே வண்டிப்புகையில்தான் மிதக்கிறது. பள்ளி வாசலில் எல்லார் வண்டியும் மாலைவரை அணைக்காமல் ஓடுகிறது. என் தலைமுடி, நோட்டு, ரொட்டி எல்லாம் அந்த வாசனைதான்.

லாரி பின்னால் வர, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஓட்டி வந்தேன். கன்னம் ஒரு பக்கம் மரத்துப்போனது. ஆனால் கிளம்பும்முன் திரும்பிப் பார்த்தபோது வளைவில் ஒரு மரக்கட்டை இருந்தது. தோளில் என் கோட்டு. மேல் பொத்தான் ஒன்று மாட்டியிருந்தது.

ஜனவரி 11

விரல்களில் கொப்புளம். வலது கை பரவாயில்லை. பியானோ வாசிக்கலாம்.

நாள் முழுக்க ஒன்றையே யோசித்தேன். ஒரு கருவி எந்த அறையில் வாசிக்கப்படுமோ அந்த அறையில்தான் சுருதி சேர்க்க வேண்டும். சூடான அறையில் சேர்த்துவிட்டுக் குளிர்ந்த மேடையில் வைத்தால் அழும். கவ்ரில் இந்தக் காரை எப்போதும் கோடையில் பார்த்திருக்கிறான். அவன் கேரேஜில் எப்போதும் கோடைதான். நோய் பள்ளத்தில் வருகிறது.

பள்ளத்தை இங்கே கொண்டுவர வேண்டும்.

ஜனவரி 12

கவ்ரிலிடம் சொன்னேன்: காரை வெளியே நிறுத்து, எஞ்சினை அணை, ஆறவிடு, பிறகு ஓட்டிப் பார்.

என்னை டாக்டரிடம் அழைத்துப்போகலாமா என்று பார்த்தான்.

"அணைக்கறதா? ஜனவரியிலயா? அக்கா, இந்த ஊர்ல பொறந்த எவனாவது செய்வானா அதை?"

அதுதானே. எவனும் செய்ய மாட்டான். அக்டோபரில் உயிர் கொடுத்தால் ஏப்ரல்வரை எஞ்சினை நாங்கள் ஆறவிடுவதே இல்லை. ராத்திரி சூடான கேரேஜ், பகலில் போர்வை போட்டு ஓடவிடுவது. ஆறினால்தான் தெரியும் என்கிற ஒரு பழுது இருந்தால், அது எங்கள் யார் கண்ணிலும் படாமல் எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஸ்தெபான் சொன்னதைச் சொன்னேன். பொத்தானைப் பற்றியும் சொன்னேன். அவன் கையிலிருந்த கருவியை வைத்துவிட்டு, வேலிப் பக்கம் பனியை வாரித் தள்ளப் போனான்.

ஜனவரி 13

எஞ்சினின் வயிற்றை மட்டும் கவ்ரில் மின்சார ஹீட்டர் வைத்துக் காப்பாற்றிக்கொண்டான், இல்லாவிட்டால் திரும்ப எழும்பாது. மற்றதெல்லாம் ஆறியது. உலோகம் சுருங்கும்போது அங்கங்கே முனகியது. நானும் அவனும் காலை மாற்றி மாற்றி வைத்து நின்றோம். ஒருவரும் பார்க்கக் கூடாது என்று வேலிப் பக்கம் நிறுத்தியிருந்தான். மெக்கானிக் ஒருவன் ஜனவரியில் காரை அணைத்து வைத்தான் என்று தெரிந்தால் அவன் பெயர் அவ்வளவுதான்.

பிறகு ஸ்டார்ட் செய்தான். டிக் டிக் டிக்.

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பானெட்டைத் தூக்கினான். கம்பளிப் பாயை ஓரமாக மடக்கினான்.

இந்தக் குளிரில் எந்த மூச்சும் ஒளிய முடியாது. குதிரையின் மூச்சு, குழந்தையின் மூச்சு, எல்லாம் வெள்ளையாகத் தெரிந்துவிடும். அதுவும் தெரிந்தது. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் இரும்புக் குழாயில், சூடு தடுக்கிற தகட்டுக்குப் பின்னால், நூல் மாதிரி ஒரு விரிசல். அதிலிருந்து ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு வெள்ளை மூச்சு. கவ்ரில் பாயைத் திரும்ப விரித்தான். இப்போது அந்த மூச்சு வெளியே போக வழியில்லை. பாயின் அடியிலேயே ஊர்ந்து, முன்கண்ணாடியின் கீழ் விளிம்புக்கு வந்து, ஹீட்டர் காற்று இழுக்கிற அந்தச் சல்லடைக்குள் ஒழுங்காக, அமைதியாக, போய்க்கொண்டே இருந்தது. உள்ளே யாரும் இல்லாத சீட்டைப் பார்த்து.

இரும்பு சூடேறியதும் விரிசல் மூடிக்கொண்டது. டிக் நின்றது. வெள்ளை நின்றது. ஒன்றுமே நடக்காதது மாதிரி.

கவ்ரில் தலையில் கையை வைத்துக்கொண்டு பனியில் உட்கார்ந்துவிட்டான். நீளமான இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அந்தக் குழாய் ஆறும், பள்ளத்துக் குளிரில் விரிசல் வாய் திறக்கும், ஏற்றத்தில் மிதித்தால் புகை முழுக்க அதன் வழியே பீறிடும் என்று ஏதோ தனக்குத்தானே பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னான். விரிசலில் வெளிக்காற்றும் உள்ளே போகும், அதைத்தான் சென்சார் "காற்று அதிகம்" என்று கத்தியிருக்கிறது. அந்தப் புகை ஆளைத் தூங்கவைப்பதற்கு முன்னால் இல்லாததையெல்லாம் காட்டும் என்றான். ராணுவத்தில் பார்த்திருக்கிறானாம்.

"பாயை நாங்கதான அக்கா தெச்சோம். ஒரு ஓட்டை விடக் கூடாதுன்னு பந்தயம் கட்டித் தெச்சோம்."

அவன் தலையைத் தொட்டேன்.

ஜனவரி 14

யோசித்துப் பார்த்தால் இவ்வளவுதான் நடந்திருக்கிறது. கெஸ்கில் பள்ளத்தில் இறங்கினான். விளக்கு எரிந்தது. வளைவில் யாரோ நிற்பதைப் பார்த்தான். எங்கள் ஆட்களில் யாராக இருந்தாலும் செய்வதைச் செய்தான். டீ ஊற்றினான், கோட்டை எடுத்தான், சூடு போகாமல் கதவைச் சாத்தினான், போய்ப் போர்த்தினான். பொத்தான் எல்லாம் மாட்டினான். அவன் விரல் என் விரலைவிட உறுதி.

யாரோடும் போகவில்லை அவன். ஒருவரைக் காப்பாற்றத்தான் இறங்கினான்.

ஒரு வெட்கம் கெட்ட யோசனையும் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். குழாயை மாற்றுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, ஜன்னலை ஏற்றிக்கொண்டு, பள்ளத்துக்குப் போய்வந்தால் என்ன? அவன் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. முதுகைத்தான் காட்டினான்.

சாவியைக் கவ்ரிலிடம் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

ஜனவரி 16

சாஸ்கிலானாவிடம் சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. கவ்ரிலையும் கூட்டிப் போயிருந்தேன். அவன் விரிசல் விட்ட பழைய குழாயைக் கையோடு கொண்டுவந்து, குழந்தையைக் கிடத்துவதுபோல மேசையில் வைத்தான். அவள் விரிசலை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

நான் இரண்டு டம்ளர் ஊற்றியதைச் சொன்னேன். எனக்கே தெரியாமல் ஊற்றியதை. என் விரல் கொப்புளத்தைக் காட்டினேன். மரக்கட்டையின் தோளில் என் கோட்டு இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் போய்ப் பார் என்றேன்.

"அப்ப யாருமே ஏறலையா?"

ஏறவில்லை என்றேன்.

"நான் சொன்னதுக்காகவும் போகலையா?"

"விறகுக்காக எவனாவது சாவானாடி" என்றேன். சிரிக்கத்தான் சொன்னேன். அவள் சிரிக்க ஆரம்பித்துத்தான் அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை, புதைத்த அன்றுகூட. கவ்ரில் எழுந்து போய் முற்றத்தில் விறகு பிளந்தான். இருட்டும்வரை பிளந்தான்.

ஜனவரி 25

புதுக் குழாய் போட்டாயிற்று. டிக் இல்லை. பாயைக் கவ்ரில் கத்தியால் இரண்டு கை அகலத்துக்கு வெட்டிவிட்டான். இப்போது ஊரில் வருகிற கார் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லி வெளியே நிறுத்துகிறானாம். பைத்தியம் பிடித்துவிட்டது என்கிறார்கள். இன்னும் இரண்டு காரில் விரிசல் கிடைத்திருக்கிறது.

பிப்ரவரி 7

தோலோன். மைனஸ் நாற்பத்தெட்டு. பள்ளம். விளக்கு எரியவில்லை. தலைவலி இல்லை. வளைவில் மரக்கட்டை.

நல்ல செய்திதான். மனசு ஏன் இப்படி வெறிச்சென்று இருக்கிறது என்று தெரியவில்லை.

மார்ச் 21

மைனஸ் பதினெட்டு, வெயில். பனி கண்ணைக் குத்துகிறது. பியானோவுக்கு ஆள் வந்துவிட்டார், வசந்தம் வந்ததாகக் கணக்கு.

சாஸ்கிலானா கூட வருகிறேன் என்றாள். முதல் தடவையாக அந்தக் காரில் ஏறினாள். துணியில் சுற்றிய டம்ளரை மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னலை ஒரு விரல் அகலம் இறக்கியே வைத்திருந்தேன், பழக்கமாகிவிட்டது.

திரும்பும்போது வளைவில் நிறுத்தச் சொன்னாள். இறங்கி நடந்தோம். என் கோட்டு அப்படியே இருந்தது, உறைந்து பலகை மாதிரி. அவள் மரக்கட்டைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். அவள் மார்பு உயரம்தான் இருந்தது.

"இவ்ளோ குட்டையா இருக்கே, அண்ணி. இதுக்கா அவ்ளோ பெரிய கோட்டைப் போட்டான்."

பிறகு காரில் உட்கார்ந்து டீ ஊற்றினேன். தெரிந்தே ஊற்றினேன். ஒன்று எனக்கு. இன்னொன்று அவள் மடியில் இருந்த அந்த டம்ளரில். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

விளக்கு எரியாமல் ஏற்றத்தில் ஏறினோம். நான் பக்கத்துக் கண்ணாடியைப் பார்க்கவில்லை, சாலையையே பார்த்து ஓட்டினேன். அவள் திரும்பி, பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். மேடு வந்தது, துணி கட்டிய மரம் வந்தது, அதையும் தாண்டினோம். அதற்குப் பிறகுதான் நேராக உட்கார்ந்து, "யாருமில்ல" என்றாள்.

அதைச் சொல்ல ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.